பால்கனியில் கட்டிய சிறகுகள்

விஷ்ராந்த்வாடி,
புதன் இரவு

அன்புள்ள ப்ரியா அக்காவுக்கு,

கவுகாத்தியில் நீயும் மாமாவும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே எல்லோரும் இருக்கிறோம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன், அப்பா எழுந்தால் குழாயைத் திறந்துவிடுவேன், கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. நீ மாமாவைக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, இனி உனக்கு எழுதவோ பேசவோ மாட்டேன் என்று அப்பா சொல்லி அம்மா கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள் இல்லையா, அதை அவள் இன்றுவரை மீறவில்லை. நான் பாத்திரம் துடைக்கும்போது அடுப்பைப் பார்த்துச் சொல்வாள், நான் கேட்டு எழுதுகிறேன், அவ்வளவுதான். புள்ளைக்குச் சளி புடிச்சா கற்பூரவள்ளிய வாட்டிப் புழிஞ்சு குடுக்கோணும், தலைக்கு ஊத்துனா ஈரத்தோட விடக்கூடாது, அவ வேளைக்குத் திங்கறாளோ என்னமோ என்று அடுப்பிடம் சொன்னாள்.

குட்டி பிறந்தநாளுக்குத் தேவதைச் சிறகு கேட்டு அழுகிறாள் என்று என் தோழி காவ்யா வீட்டு முகவரிக்கு எழுதியிருந்தாயே, அதையும் அம்மா காதில் விழும்படி அடுப்படியில்தான் படித்தேன். மறுநாளே அம்மா ரவிவார் பேட்டைக் கடைத்தெருவுக்குப் போய் கம்பியும், சோப்புக் குமிழி மாதிரி ஊதாவும் பச்சையுமாக மாறும் பிளாஸ்டிக் தாளும் வாங்கி வந்தாள். வாணலி விளிம்பில் வைத்துக் கம்பியை வளைத்தாள். தாளை இரண்டு பக்கமும் ஒட்டி, மேலே துணி போட்டு இஸ்திரி போட்டோம். முதல் ஜோடி சூட்டில் சுருங்கிவிட்டது, இரண்டாவது அவ்வளவு அழகு. குட்டியின் தோளளவு தெரியாததால் உன் பழைய நர்சரி சட்டையை வைத்து எலாஸ்டிக் தைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பீரோவுக்குப் பின்னால் அதைப் பார்த்துவிட்டார். யாருக்கு என்றார். பள்ளி ஆண்டு விழாவுக்கு, எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். அப்படியா கண்ணு, எங்க, போட்டுக் காட்டு என்றார். எலாஸ்டிக் என் முழங்கைக்கு மேல் ஏறவில்லை அக்கா. நான் இழுத்துக்கொண்டே நின்றேன். அம்மா வெளியே வரவில்லை. அப்பா கத்தவும் இல்லை, பொறா வெரட்டவாவது ஆகட்டும் என்று பால்கனிக் கம்பியில் கட்டிவிட்டார். உண்மையிலேயே புறா வருவதில்லை. அம்மா துணி காயப்போடும்போது அதன் தூசியை முந்தானையால் துடைக்கிறாள், ஆனால் மூன்றே நாள் வெயிலில் நிறம் வெளுக்கத் தொடங்கிவிட்டது.

நாளைக் காலை அப்பா என்னையும் அதே சத்தியத்துக்கு விளக்கு முன்னால் நிறுத்தப்போகிறார், கற்பூரம் வாங்கி வைத்தாயிற்று. மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சத்தியத்துக்கு முன்னால் எழுதியது என்பதால் இதைத் தபாலில் போடக் காவ்யாவிடம் கொடுப்பது பாவம் ஆகாது என்று நினைக்கிறேன். இனி அந்த முகவரிக்கு எழுதாதே, அடுப்படியில் படிக்க ஆள் இருக்காது.

மவராசியா இருக்கோணும், புள்ளைய அடிக்காத, குளுருக்குக் காதக் கட்டி உடு, இது இன்று ராத்திரி அம்மா சொன்னது. பிறகு, புள்ளைக்குத் தோளு எத்தன அங்குலம் இருக்கும் என்று கேட்டாள். கேட்டுவிட்டு அடுப்பை அணைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
வைஷு
(அம்மா பெயரைப் போடக் கூடாதாம்.)