உன் லைசென்ஸுக்கு நானே வைத்த வேட்டு

செல்லத்துக்கு சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் உடம்புக்கு ஒரு குறைச்சலும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க வேண்டும். உடம்புக்குத்தான் குறைச்சல் இல்லை, முகத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க முடியவில்லை. போனில் சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை. எனக்கு வாய் வரவில்லை என்றால் நீயே நம்ப மாட்டாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சித்திக்கு முட்டிவலி தேவலை, மாடிப்படி ஏறி இறங்குகிறாள். நம் வேனுக்குப் புது கிளட்ச் போட்டாயிற்று, ராக்கெட் மாதிரி பறக்கிறது. சரி, பறக்கவில்லை, மேட்டில் நின்றுவிடாமல் ஏறுகிறது. இனி உனக்கு உள்ளதை மட்டுமே எழுதுவது என்று வைத்திருக்கிறேன், பழைய புத்தி நடுவில் தலையை நீட்டினால் கண்டுகொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். உன் சார்பில் நான் போய் வாங்கலாம் என்று நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது. உன் லைசென்ஸ் முறையாக டெஸ்ட் எடுத்து வாங்கியதுதான் என்று இங்கே கொடுத்த ஆபீஸ் எழுதித் தந்தால்தான் அங்கே மாற்றிக் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் இந்த மாதக் கடைசியோடு நம் லைசென்ஸ் அங்கே செல்லாது, மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டு டெஸ்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும், அதுவரை வீடு வீடாகக் காரில் போய் நோயாளிகளுக்குக் கட்டுப்போடும் உன் வேலை காத்திருக்காது, இதெல்லாம் நீ படித்துப் படித்துச் சொன்னாய். கொடுங்க, வாங்குங்க, வந்துடுங்க, வேற கதை வேண்டாம் சித்தப்பா என்றும் சொன்னாய். நான் என்ன பச்சைக் குழந்தையா என்று உன்னிடம் கோபித்துக்கொண்டேன்.

அந்த ஆபீஸ் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு ஆட்கள், காற்றைவிடச் சத்தம் அதிகமாக வரும் மின்விசிறி, கவுண்டர் கண்ணாடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. எனக்குப் பின்னால் நம் தெரு தையல்கடை அக்கா, அவள் ஸ்கூட்டர் லைசென்ஸைப் புதுப்பிக்க வந்திருந்தாள். கவுண்டரில் உன் வயசு அதிகாரி அம்மா, நிதானமான ஆள். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியா இருக்கு ஐயா, மத்தியானத்துக்குள்ள கையெழுத்தாயிடும், உட்காருங்க என்றாள். நான் உட்கார்ந்திருக்க வேண்டும். காகிதத்தைத் திருப்பிக்கொண்டே, பொண்ணு வெளிநாட்டுல கார் ஓட்டியே வேலை பார்க்குதா, கெட்டிக்காரிதான் என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னாள். அவ்வளவுதான், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது எனக்கு. கெட்டிக்காரியா, பள்ளிக்கூடம் படிக்கறப்பவே என் வேன்ல லோடு ஏத்திக்கிட்டு நெடுஞ்சாலையில போனவ மேடம் அவ, டெஸ்டெல்லாம் அவளுக்கு எதுக்கு, அப்ப இருந்த இன்ஸ்பெக்டர் நம்ம ஆளு, நான் ஒரு வார்த்தை சொன்னேன், அவ வண்டியில ஏறக்கூட இல்ல, லைசென்ஸ் வீட்டு வாசலுக்கு வந்துருச்சு என்றேன். தையல்கடை அக்கா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள், அந்தச் சந்தோஷத்தில் இன்ஸ்பெக்டர் என் தோளில் கை போட்டுக்கொண்டு பேசியதையும் சேர்த்துவிட்டேன்.

அந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. டெஸ்ட் இல்லாம வாங்கினதுன்னு நீங்களே சொன்னப்புறம், முறையா வாங்கினதுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது ஐயா, இதை விசாரணைக்குத்தான் அனுப்பணும், அது முடிய மாசக்கணக்காகும் என்று உன் காகிதத்தை எடுத்து வேறொரு தட்டில் வைத்தாள். சும்மா சொன்னேன் மேடம் என்று இளித்தேன். எது சும்மா, முதல்ல சொன்னதா, இப்ப சொல்றதா என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். நாளைக்கு வந்து உண்மை எதுவோ அதைக் கைப்பட எழுதிக் கொடுங்க, டெஸ்ட் பதிவோட ஒத்துப்போகுதான்னு பார்க்கறேன் என்று அனுப்பிவிட்டாள்.

நான் வீடு வருவதற்குள் விஷயம் தையல்கடை வழியாக வந்துவிட்டது. சித்தி சண்டை போடுவாள் என்று நினைத்தேன், போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துணி மடித்துக்கொண்டே, அந்தப் புள்ள தானா கத்துக்கிட்டு, விழுந்து எழுந்து, தானா பாஸ் பண்ணினது அது ஒண்ணுதான், அதையும் எடுத்து உங்க சட்டைப் பையில போட்டுக்கிட்டீங்களே என்றாள். அடுத்த துணியை எடுத்து உதறினாள். வேனில் நீ என் மடியில் உட்கார்ந்து ஹாரன் அடித்ததுதான் உண்டு, நெடுஞ்சாலை எல்லாம் நான் அளந்துவிட்ட கதை என்று அவளுக்கும் தெரியும்.

மறுநாள் அதே கவுண்டர். எழுதிக் கொடுத்தேன், என் கையெழுத்துதான் உனக்குத் தெரியுமே, அந்த அம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நீங்களே வாசிச்சுடுங்க ஐயா என்றாள். வரிசை முழுக்க ஆள். வாசித்தேன். என் மகள் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்து இரண்டு முறை தோற்றாள், மூன்றாம் முறை யார் சிபாரிசும் இல்லாமல் தானே ஓட்டித் தேறினாள், எனக்கு அந்த இன்ஸ்பெக்டரைத் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது, நேற்று நான் சொன்னது பெருமைக்குச் சொன்ன பொய். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா டெஸ்ட் பதிவைப் பார்த்தாள், எல்லாம் ஒத்துப்போயிற்று, பேனாவையும் எடுத்துவிட்டாள். அப்புறம் நிறுத்தி, மகள்னு எழுதியிருக்கீங்க, லைசென்ஸ்ல அப்பா பேர் வேற இருக்கே ஐயா, இதுவும் சும்மா சொன்னதா என்றாள். அண்ணன் பொண்ணு மேடம், அண்ணன் போனதிலிருந்து எங்க வீட்டுலதான் என்றேன். அப்ப அதையும் திருத்திடுங்க என்றாள். அது ஒன்று பொய் இல்லை மேடம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மறுபடி வாயைத் திறந்து உன் காகிதம் அந்தத் தட்டுக்குப் போய்விடப்போகிறதே என்று, ஒன்றும் பேசாமல் மகள் என்கிற வார்த்தையை அடித்து, மேலே அண்ணன் மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள். காகிதத்தைக் கையில் தருவதில்லை, நான் எழுதிக் கொடுத்ததோடு சேர்த்து நேராக உங்கள் ஊர் ஆபீஸுக்கு அனுப்புகிறார்கள், மாதக் கடைசிக்குள் சேர்ந்துவிடும் என்றாள்.

உன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், வண்டி எடுக்கும்போதெல்லாம் பத்திரமாகப் போய் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று சித்தியும் நானும் வாழ்த்துகிறோம். நம் ஊருக்கு எதிர்ப்பக்கம் ஓட்டுகிற ஊர், திரும்பும்போது பார்த்துத் திரும்பு. ஒன்று மறக்காதே. அங்கே ஆபீஸில் இதை எழுதிக் கொடுத்தவர் யார் என்று கேட்டால் சித்தப்பா என்றே சொல், நீ பாசத்தில் வேறு ஏதும் சொல்லிவிடாதே, காகிதம் ஒத்துப்போக வேண்டும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா