இரு கரைக்கும் ஒரே கட்டணம்

என் மகளின் அம்மாவுக்கு,

ஒரு தலைவலி வந்திருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கரண்டுக்கு ஒரே கட்டணமாம். இங்கே பில் கட்டி மாளவில்லை, அதனால்தான் நீ அக்கரையில் அம்மா வீட்டில் இருக்கிறாய் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தோம். அவர்களும் அதையே பிடித்துக்கொண்டு வேறு எதையும் கேட்காமல் இருந்தார்கள். இன்று உன் அண்ணன் போன் செய்து, "இனிமே என்ன மாப்பிள்ளை, தங்கச்சியக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?" என்கிறார்.

ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரை முறைத்துப் பார்த்தார். "என்ன சார், ஆளே இல்லாத வீடு மாதிரி ஓடுது? பாப்பா ரூம் ஏசி ராத்திரி பகலா ஓடுமே, ரிப்பேரா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கதவை நான் திறக்கவே இல்லை. அவளை அடக்கம் செய்த மறுநாள் நீ மடித்து வைத்துவிட்டுப் போன சின்னச் சட்டைகள் அப்படியேதான் இருக்கும். வந்தால் நீ சமையலறைக்குப் போக அந்தக் கதவைத் தாண்டித்தானே போக வேண்டும்? உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

விசாரித்துவிட்டேன். தண்ணீர்க் கட்டணம் இன்னும் இங்கேதான் அதிகம். அண்ணன் கேட்டால் அதைச் சொல்.

இப்படிக்கு,
அவள் அப்பா