வள்ளியம்மாவின் மூக்குக்கண்ணாடி

ஜோகுபாளையம், பெங்களூர் - 8
14.9.1998

அன்பு மகள் சிந்துவுக்கு அம்மா சந்திரம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய இருமலைத் தவிர. அங்கே நீ மழையில் நனையாமல், உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு சுகமாக இருக்க வேண்டுமென்று அல்சூர் கோயிலில் விளக்குப் போட்டேன்.

போன வாரம் உன் மலை ஊர் மேலஹட்டியிலிருந்து இறங்கும்போது எனக்கு வந்த கோபம் உனக்கே தெரியும். ஆளாளுக்கு ஒன்றைக் கையில் திணித்தார்கள். ஒரு வீட்டில் குக்கர் மூடி, ரப்பர் வளையம் போட வேண்டுமாம். இன்னொரு வீட்டில் கம்பி உடைந்த குடை. உன் பக்கத்து வீட்டு வள்ளியம்மா மூக்குக்கண்ணாடியையே கழற்றிக் கொடுத்துவிட்டாள், காதில் மாட்டுகிற ஒரு பக்கம் இல்லை. மகளைப் பார்க்க வந்தவளைச் சுமைதூக்கி ஆக்கிவிட்டார்களே என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். நான் மூன்று நாள் அழுது உன்னிடம் கையெழுத்து வாங்கினேனே, பெங்களூர் பக்கம் மாற்றல் கேட்கிற காகிதம், அதுவும் அதே பையில்தான் இருந்தது.

கண்ணாடி இல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு ஜீப் வரை வந்த வள்ளியம்மாதான் சொன்னாள். வெள்ளைக்காரன் காபித் தோட்டத்துக்கு ரோடு போடச் சேலம் பக்கத்திலிருந்து கூட்டி வந்த ஜனங்களாம் இந்த ஊர்க்காரர்கள். அவன் போனான், தோட்டம் போனது, ரோட்டையும் மழை கொண்டுபோனது, இவர்கள் மட்டும் இருக்கிறார்கள். வேலைக்கென்று இறங்கிப் போனவர்கள் திரும்பாமலே இருந்துவிட்டதால், யார் இறங்கினாலும் வீட்டுக்கொரு சாமான் கொடுத்தனுப்புகிற வழக்கம் வந்ததாம். “ஊரு சாமான் கைல இருந்தா மனசு சும்மா விடாதும்மா, திரும்பி வந்துருவாங்க” என்றாள். உனக்கு முன்னால் இருந்த வாத்தியார் அவளுடைய ரேடியோவை ரிப்பேருக்கு எடுத்துக்கொண்டு மாற்றலில் போனவர்தான். நீ வரும்வரை நான்கு வருஷம் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்திருக்கிறது. அவரைத் திட்டுவாள் என்று பார்த்தால், “பாவம், பஸ் கெடச்சிருக்காது” என்கிறாள். என் பையில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது.

காகிதத்தை ஆபீஸில் கொடுத்தாயா என்று அப்பா தினமும் கேட்கிறார். கொடுக்கவில்லை சிந்து. அது நீ இஷ்டப்பட்டுப் போட்ட கையெழுத்து இல்லை, என் அழுகைக்குப் பயந்து போட்டது. தசரா லீவுக்கு நீ இறங்கி வர வேண்டாம், நானே வருகிறேன். கண்ணாடி, குடை, மூடி எல்லாம் சரியாகிவிட்டது. அந்தக் காகிதத்தையும் கொண்டு வருகிறேன். மலையிலிருந்து எடுத்து வந்ததைத் திருப்பித் தரத்தானே வேண்டும். கொடுப்பதோ கிழிப்பதோ உன் இஷ்டம், இந்த முறை அழ மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. நீ நன்றாக இருப்பாய் கண்ணு, எங்கே இருந்தாலும். நான் வரும்வரை வள்ளியம்மா படியில் தடுக்கி விழாமல் பார்த்துக்கொள். எனக்கு பஸ் கிடைத்துவிடும் என்று அவளிடம் சொல்.

உன் அம்மா,
சந்திரம்மா