கொடி பிடித்த வெயிலுமுத்து

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
2-12-1962

பிரம்மநாயகம் அண்ணாச்சி அவர்களுக்கு,

முப்பிடாதி எழுதிக்கொள்வது. இங்கே நானும் சுயம்புவும் ஏதோ இருக்கிறோம். அம்பர்நாத்தில் நீங்களும் மதினியும் சுகமாக இருக்க வேண்டும். பள்ளிக்கூட மாற்றலில் போன அந்த ஊரில் தண்ணீருக்குக் கஷ்டமில்லை என்று போன ஆகஸ்டுக் கொடியேற்றத்துக்கு வந்தபோது சொன்னீர்கள். இங்கே குழாயடியில் அதே சண்டைதான். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதியோர் வகுப்பில் நீங்கள் கையைப் பிடித்துப் போட்டுக்கொடுத்த எழுத்துதான் இது.

விஷயம் என்னவென்றால், சுயம்பு பட்டாளத்துக்குப் பேர் கொடுத்துவிட்டான். குர்லா ஒர்க்‌ஷாப்பில் லேத் வேலை பழக இன்னும் எட்டு மாதம்தான் பாக்கி. அதை விட்டுவிட்டு வந்து நிற்கிறான். டீக்கடை ரேடியோவில் சைனாக்காரன் சேதி கேட்ட நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “எங்கப்பா கையில கொடியோட செத்தாரு. நான் லேத்துல இரும்பு சீவிக்கிட்டு இருக்கவா?” என்றான்.

அண்ணாச்சி, நான் அவனைத் தடுக்கவில்லை. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் போகிறார்கள், அவர்களையும் ஒருத்தி பெற்றிருப்பாள். ஆனால் இவன் நடக்காத ஒன்றை நம்பிப் போகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அவனை உட்கார வைத்து, அவன் அப்பா எப்படிச் செத்தார் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். அதற்கு மேலும் போவேன் என்றால் நானே பெட்டி கட்டிக்கொடுக்கிறேன்.

நான் சொல்லிப் பார்த்தேன். “வாத்தியார் மாமா பொய் சொல்வாரா? நீ பயத்துல சொல்லுதே” என்று சிரிக்கிறான். உங்கள் வாயால் கேட்டால்தான் நம்புவான். ஜனவரி பன்னிரண்டாம் தேதி வண்டி.

தங்கச்சி,
முப்பிடாதி


அம்பர்நாத்,
9-12-1962

அன்புத் தங்கை முப்பிடாதிக்கு,

அநேக ஆசீர்வாதங்கள். உன் கடிதம் கண்டு என் உள்ளம் பூரித்தது. சுயம்புவைப் பெற்ற வயிறு புண்ணியம் செய்த வயிறு. மறுநாள் காலைப் பிரார்த்தனையில் உன் கடிதத்தின் முற்பகுதியை, அவன் லேத் பற்றிச் சொன்ன வாசகம் வரையில், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். இருநூறு பேரும் கை தட்டினார்கள். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களின் குழந்தைகள், அம்மா, தமிழே தட்டுத்தடுமாறித்தான் வாசிக்கும். அவர்களுக்குக்கூட விஷயம் புரிந்தது.

பிற்பகுதி பற்றி. நீ தாய், கலங்குகிறாய், இயல்புதான். ஆனால் யோசித்துப் பார். நான் அச்சிட்ட சரித்திரப் புத்தகத்தில் ஏழாவது பாடம் ‘கொடி பிடித்த வெயிலுமுத்து’. பதிமூன்று ஆண்டுகளாகப் பிள்ளைகள் அதை ஒப்பிக்கிறார்கள். கடலுக்கு அப்பாலும் இமயத்துக்கு அடியிலும் பிறந்த வீரர்களைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் இந்தக் குழந்தைகளுக்கு எட்டவில்லை. நம் கேம்பில், நம் குழாயடியில் தண்ணீர் பிடித்த ஒருவன் நாட்டுக்காக உயிர் கொடுத்தான் என்றதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். சரித்திரம் எதற்கு, நாளும் தேதியும் எண்ணவா? குழந்தையை மனிதனாக்கத்தானே? இத்தனை பெரிய கட்டடத்தில் ஒரு கல்லை உருவச் சொல்கிறாய்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒவ்வொரு ஆகஸ்டிலும் மேடையேறி மாலை வாங்கிக்கொண்டவள் நீ. அப்போதெல்லாம் இந்த உண்மை உனக்கு உறுத்தவில்லையே.

மதினி உன்னை விசாரித்தாள். பட்டாளத்துக்குக் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன்,
பிரம்மநாயகம்


மாட்டுங்கா லேபர் கேம்ப்,
16-12-1962

அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மாலை வாங்கினேன், சரி. அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் புத்தகத்தில்தான் அது இல்லை, உங்களுக்குமா மறந்துபோயிற்று?

நாற்பத்தாறு பிப்ரவரி. கலகம் செய்த கப்பல் படைச் சிப்பாய்களுக்காகப் பம்பாயே கடையடைத்து, தெருவெல்லாம் வெள்ளைக்காரன் லாரி. ரேஷன் கடை திறக்காமல் ஐந்து நாள். சுயம்புவுக்கு ரெண்டு வயசு, முந்தின நாள் வடித்த கஞ்சித் தண்ணியைக் குடித்துவிட்டு அழுதுகொண்டே கிடந்தான். நீங்கள்தான் வாசலில் வந்து நின்று கூப்பிட்டீர்கள். “பரேல்ல தானியக் கடைய உடைச்சிட்டாங்க. வாரும்வே வெயிலு, ஆளுக்கு ஒரு சாக்கு” என்றீர்கள். அவர் தயங்கினார். திருட்டுச் சாமான் வேண்டாம் என்றார். சாக்கை எடுத்து அவர் கையில் திணித்தவள் நான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ரெண்டு பேர் போனீர்கள், ஒருத்தர் வந்தீர்கள். தோளில் அரிசியோடு ஓடும்போது முதுகில் குண்டு பட்டது என்று அழுதீர்கள். அன்றைக்கு அந்தக் கண்ணீர் நிஜம். போலீஸ் வந்து கொள்ளையடித்தவர்கள் பேரைக் கேட்டபோது, அவர் ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போனார் என்று சொன்னீர்கள். கொள்ளைக்காரன் பெண்டாட்டி என்று பேர் வந்தால் நான் பிழைக்க முடியாது என்று எனக்காகத்தான் சொன்னீர்கள். அதற்கு நான் செத்தாலும் நன்றி மறக்க மாட்டேன். சுதந்திரம் வந்த பிறகு அந்தக் கொடியை வைத்துத்தான் இந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆயா வேலை கிடைத்தது. வாயை மூடிக்கொண்டு வகுப்பறை பெருக்கினேன்.

அப்புறம் நீங்களாகப் படம் வரையச் சொன்னீர்கள். அவருக்கு மீசையே கிடையாது அண்ணாச்சி. வீரனுக்கு மீசை வேண்டும் என்று போர்டு எழுதுகிறவனிடம் சொல்லி ஒட்ட வைத்தீர்கள். சுயம்பு அந்த மீசையைப் பார்த்துத்தான் வளர்ந்தான். இப்போது மேல் உதட்டில் நாலு முடி முளைத்ததும் அதேபோல் முறுக்கிக்கொள்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் கேட்பது புத்தகத்தை எரியுங்கள் என்றல்ல. ஊரிலுள்ள பிள்ளைகளுக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். என் பிள்ளை ஒருத்தனுக்கு மட்டும் நிஜத்தைச் சொல்லுங்கள். பசியில் செத்த அப்பன் என்றால் அவனுக்குக் கேவலமா? இருந்தால் இருக்கட்டும். அப்படியும் துப்பாக்கி தூக்குவேன் என்றால், அது அவன் முடிவு. இப்போது அது உங்கள் முடிவு.

முப்பிடாதி


அம்பர்நாத்,
2-1-1963

தங்கைக்கு,

நீ எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பத்து நாளாகத் தூக்கமில்லை. வருகிற ஞாயிறு, 6-ம் தேதி, காலை வண்டியில் வருகிறேன். சுயம்புவை வெளியே போகாமல் இருக்கச் சொல். நானே சொல்கிறேன்.

பிரம்மநாயகம்


மாட்டுங்கா லேபர் கேம்ப்,
13-1-1963

அண்ணாச்சிக்கு,

ஆறாம் தேதி உங்களுக்குப் பிடிக்குமே என்று அயிரை மீன் தேடி தாராவி முழுக்க அலைந்தேன், கிடைக்கவில்லை. மாந்தல் வாங்கிக் குழம்பு வைத்தேன். சுயம்பு பதினொரு மணிக்கே ஸ்டேஷனுக்குப் போய் நின்றான். மூன்று மணிக்குத் திரும்பி வந்து, மாமாவுக்கு ஏதோ வேலை போல என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டான். குழம்பு நன்றாக இருந்தது என்றான்.

நேற்று வி.டி. ஸ்டேஷனில் உங்களைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. கடைசி நேரத்திலாவது வந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம்தான் பின்னால் நாற்பது பிள்ளைகளைப் பார்த்தேன், ஆளுக்கொரு காகிதக் கொடியோடு. உங்கள் கையில் மாலை. நான் உங்களையே பார்த்தேன், நீங்கள் எஞ்சினைப் பார்த்தீர்கள். அவன் உங்கள் காலில் விழுந்தான். நீங்கள் குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னீர்கள். சொல்லிவிட்டார் என்று நம்பி, ஜன்னல் பக்கம் ஓடிப்போய் மாமா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“‘அப்பா பேரைக் காப்பாத்து’ன்னாரு அம்மா.”

வண்டி கிளம்பிவிட்டது. பிள்ளைகள் ஜே போட்டார்கள். நீங்களும் போட்டீர்கள்.

வேறு சேதி இல்லை.

முப்பிடாதி


அம்பர்நாத்,
24-10-1965

என் அருமைத் தங்கைக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு மாதம் கடத்திவிட்டேன். கரீம் பாட்சா எழுதித்தான் தெரிந்துகொண்டேன். உன் பக்கத்து அறைக்காரர், இங்கிலீஷ் தந்தியை அவர்தான் உனக்கு வாசித்துச் சொன்னாராம். மழையில் மலைப்பாதை சரிந்து லாரி உருண்டது என்றும், சுயம்புவோடு இன்னும் நாலு பேர் போய்விட்டார்கள் என்றும் எழுதியிருந்தார். என் மடியில் உட்கார்ந்து அ ஆ எழுதிய பிள்ளை. மதினி மூன்று நாள் அடுப்பு பற்றவைக்கவில்லை. நீ என்னைத் திட்டினாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஞாயிறு நான் கிளம்பத்தான் செய்தேன். கல்யாண் வரை வந்து, அங்கே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து, திரும்பிவிட்டேன். அவன் முகத்தை நேரே பார்த்து அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. இதை இப்போதுதான் எழுத முடிகிறது.

லேபர் கேம்ப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கேட்டார்கள். நவம்பர் 14 குழந்தைகள் தினத்தன்று வெயிலுமுத்து படத்துக்குப் பக்கத்தில் சுயம்புவின் படத்தைத் திறக்கப் போகிறார்கள். அதே ஓவியர்தான் வரைகிறார். தந்தையும் மகனுமாக ஒரே சுவரில். புத்தகத்தின் அடுத்த பதிப்பில் எட்டாவது பாடமும் சேர்க்கிறேன். லாரி உருண்ட விவரம் குழந்தைகளுக்கு வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அதில் அவர்களுக்கு என்ன படிப்பினை? போர் நடந்த மாதம், எல்லைக்குப் போகிற பாதை. களத்தில் என்று எழுதினால் பெரிய பிசகு ஆகாது. நெஞ்சில் குண்டு ஏந்தினான் என்று ஒரு வரி. அவன் பேர் நூறு வருஷம் நிற்கும்.

அன்று இங்கும் விழா இருப்பதால் நான் வர இயலாது. நீ மேடையில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று விரும்புகிறார்கள். பேச வேண்டியதைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்துகொள், முடியாவிட்டால் பார்த்தே வாசி.

உன் துக்கத்தில் பங்குகொள்ளும் அண்ணன்,
பிரம்மநாயகம்


மாட்டுங்கா லேபர் கேம்ப்,
15-11-1965

பிரம்மநாயகம் வாத்தியாருக்கு,

நேற்று ஞாயிறு என்றாலும் பள்ளிக்கூடத்தைத் திறந்து விழா நடத்தினார்கள். காலையில் போய் நான்தான் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, பெஞ்சு தூக்கிப் போட்டேன். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு மேடையில் உட்கார்ந்தேன்.

படத்தைத் திறந்தார்கள். சுயம்பு கையில் துப்பாக்கி. அவன் அனுப்பிய போட்டோவில் மண்வெட்டி வைத்திருந்தான், ரோடு போடுகிற வேலை அவனுக்கு. அந்தப் போட்டோவைத்தான் பார்த்து வரையக் கொடுத்தேன். அந்தப் போர்டு எழுதுகிறவன் மண்வெட்டியைத் தூக்கிவிட்டுத் துப்பாக்கி வரைந்திருக்கிறான். இந்தத் தடவை மீசை மட்டும் நிஜம்.

பேசக் கூப்பிட்டார்கள். உங்கள் தாள் மடியில் இருந்தது. எடுக்கவில்லை. மூன்றாம் கிளாஸ், நாலாம் கிளாஸ் பிள்ளைகள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தன. எல்லாம் நான் மூக்குத் துடைத்துவிட்ட பிள்ளைகள்தான். மைக்கைப் பார்த்து எனக்குப் பேச வரவில்லை. அதை விட்டுக் கீழே இறங்கி அவர்களிடம் பேசினேன். என் மகன் மலையில் ரோடு போடப் போனான், வேலைக்குப் போகிற வழியில் லாரி உருண்டு செத்தான், அவனோடு இன்னும் நாலு வீட்டுப் பிள்ளைகள் செத்தார்கள் என்றேன். அவன் யாரையும் சுடவில்லை, அவனை யாரும் சுடவில்லை என்றேன். அவன் போட்ட ரோட்டில்தான் மற்றவர்கள் போனார்கள், அது சின்ன வேலை இல்லை என்றேன். அவன் அப்பா கொடி பிடிக்கவில்லை, சாக்கு பிடித்தார் என்றேன். வீட்டில் அரிசி இல்லை, பிள்ளை அழுதான், நான்தான் சாக்கைக் கொடுத்து அனுப்பினேன், அரிசி தூக்கிக்கொண்டு ஓடும்போது வெள்ளைக்காரன் முதுகில் சுட்டான் என்றேன். கூட யார் போனார் என்பதைச் சொல்லவில்லை. அது உங்களுக்காக இல்லை. உங்களிடம் படித்த பெரிய பையன்கள் பின்னால் நின்றார்கள், அவர்களுக்காக.

ஹெட்மாஸ்டர் எழுந்து, அம்மா புத்திர சோகத்தில் பேசுகிறார்கள், மன்னிக்க வேண்டும் என்றார். நான் சோகத்தில்தான் இருக்கிறேன், ஆனால் நிதானத்தில்தான் பேசுகிறேன் என்றேன். இன்று காலை போனபோது, கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்ப மாட்டார்கள். தெரிந்துதான் பேசினேன்.

உங்களுக்கு இனி நான் எழுத மாட்டேன், நீங்களும் எழுத வேண்டாம். நீங்கள் என் குடும்பத்துக்குச் செய்த நல்லதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கல்யாண் பெஞ்சில் நீங்கள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த ரெண்டு மணி நேரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. முயற்சி செய்தேன், வரவில்லை. எட்டாவது பாடத்தை அச்சடித்தால் என் பிள்ளை பேரைப் போடாதீர்கள். வேறு ஏதாவது பேர் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு எழுத வரும்.

ஒன்று மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெட்மாஸ்டர் பிள்ளைகளைக் கலைந்துபோகச் சொன்ன பிறகு, மூன்றாம் கிளாஸில் ஒரு சின்னப் பிள்ளை, பூமாரி என்று பேர், எழுந்து நின்று கையைத் தூக்கினாள். நீங்கள் பழக்கிய பழக்கம்தான், கேள்வி இருந்தால் கையைத் தூக்க வேண்டும். பதினாறு வருஷமாக அந்தப் பாடத்தை ஒப்பித்த பிள்ளைகளில் ஒன்றுகூட இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

“அந்த அரிசி வீட்டுக்கு வந்துச்சா ஆயா?” என்றாள்.

“வந்துச்சு. கூடப் போனவரு கொண்டாந்து தந்தாரு. ரத்தம் பட்டிருந்துச்சு, கழுவிட்டுப் பொங்குனேன். நானும் என் மவனும் தின்னோம், கொண்டாந்தவரும் ஒரு ஓரமா உக்காந்து தின்னாரு” என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வெயிலுமுத்து பெண்சாதி,
சுயம்புவின் தாய்,
முப்பிடாதி