நீ என்னிடம் கொடுத்துவைத்த ஸ்கேன் சீட்டு

இன்று காலை பீரோவில் ரேஷன் கார்டைத் தேடும்போது உன் ஸ்கேன் சீட்டு கையில் வந்தது. உன் வீட்டுக்காரர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று நான்காக மடித்து என்னிடம் கொடுத்துவைத்த சீட்டு.

ஆறு வருடத்துக்கு முன்னால், நாம் பிழைக்க வந்த இந்த மராத்தி ஊரின் கோர்படி மார்க்கெட்டில் என்னோடு வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த நீ, "ஏட்டி, தலையில கல்லத் தூக்கிப் போட்டாப்ல இருக்கு" என்று சொல்லியபடியே சரிந்தாய். மூளையில் ஒரு ரத்தக்குழாய் பலூன்போல வீங்கி வெடித்திருந்தது. மண்டையைத் திறந்து, வீக்கத்தின் அடியில் கிளிப் போட்டு அடைத்தார்கள். பிழைத்தாய். மொட்டைத் தலையில் அரும்பிய முடியைத் தடவிக்கொண்டு, "எல்லாரும் கிளிப்ப வெளிய போடுவாக, நான் உள்ள போட்டிருக்கேன்" என்று சிரித்தாய்.

கிளிப் போட்டாலும் சிலருக்குத் திரும்ப வரலாம், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் ஸ்கேனில் ஒன்றுமில்லை. மூன்று வருடம் கழித்து இரண்டாவதற்குச் சீட்டு வாங்கியதும் நேராக என்னிடம் வந்தாய்.

"அவுகளுக்குத் தெரிய வேண்டாம். போன தடவ ரெண்டு நாளு சாப்பிடல மனுசன். நீ கூட வாரியா? தனியாப் போகப் பயமா இருக்கு."

எனக்கு அப்போது ஆபீசில் ஆடிட். "அடுத்த வாரம் போவோமே" என்றேன். அடுத்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். அதன்பின் நீ கேட்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. நன்றாகத்தானே இருந்தாய். காய்கறிக்காரரோடு மராத்தியில் சண்டைகூடப் போட்டாய்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம், துணி உலர்த்தும்போது விழுந்தாய். இந்த முறை ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய கிளிப் சரியாகத்தான் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே புதிதாக ஒன்று வளர்ந்து வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். "ஸ்கேன் ஏன் எடுக்கவில்லை?" என்று இந்தியில் கேட்டார்.

உன் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "அவ மறந்துட்டா போல, தங்கச்சி. நானாவது ஞாபகம் வச்சிருக்கணும். என் தப்பு."

நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஆறாம் நாள் நீ போய்விட்டாய்.

ஸ்கேன் எடுத்திருந்தால் நீ இருந்திருப்பாயா என்று பின்னர் டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். "தெரிந்திருக்கும். அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது" என்றார்.

உன் வீட்டுக்காரர் இப்போதும் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருகிறார். "நீ கூட இருந்ததாலதான் அவ அத்தன வருசம் தைரியமா இருந்தா" என்கிறார். சீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டுமென்று நினைப்பேன். காபி போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விடுவேன்.