கறை என்று திரும்பி வந்த மஞ்சள்

அக்கா,

நேற்று பெரியவன் சென்னையிலிருந்து வந்தான். ஆபீஸில் தீபாவளிக்குக் கொடுத்தார்களாம், முந்திரியும் இனிப்பும் போட்ட ஒரு துணிப்பை. "அம்மா, நீயும் பெரியம்மாவும் தைச்ச பை மாதிரியே இல்ல?" என்று மடியில் போட்டான். இனிப்பை யார் பார்த்தது? பையைத்தான் புரட்டினேன். ஆலைத் தொழிலாளி போட்டுக் கழித்த சாம்பல் நிற உடுப்பு. முன்பக்கம் சட்டைப் பாக்கெட் அப்படியே இருக்கிறது. பையின் வாயைக் கட்ட, உடுப்பில் இருந்த, வெளிச்சம் பட்டால் மின்னும் அந்தப் பட்டை. உள்மூலையில் ஒரு மஞ்சள் பொட்டு. எச்சில் தொட்டுத் தேய்த்தேன், போகவில்லை. முகர்ந்தேன், பெயின்ட் வாசனை. அச்சடித்த மஞ்சள்! கூடவே ஓர் அட்டை தொங்கியது. 'மங்கலத்துக்காக எங்கள் பெண்கள் வைக்கும் மஞ்சள்' என்று போட்டிருக்கிறது. எங்கள் பெண்களாம்.

நீங்கள் இந்த வீட்டுக்கு மூத்த மருமகள், நான் இளையவள். ஓரகத்திகள் போட வேண்டிய சண்டையில் நாம் ஒரு குறையும் வைக்கவில்லை. குழாயடித் தண்ணீருக்குப் போட்டோம், கொல்லையில் விழுந்த தென்னை மட்டைக்குப் போட்டோம். மன்னார்குடியில் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்து நின்றீர்கள். "ஏண்டி, நீ நல்லா வெட்டுவ. நான் நல்லா தைப்பேன். சேந்து செஞ்சா என்ன?" அதற்குப் பிறகு நமக்குச் சண்டை போட நேரமே கிடைக்கவில்லை.

போன வருஷம் பெங்களூர் கம்பெனி ஒன்று மூட்டை மூட்டையாக அந்தப் பழைய உடுப்புகளை அனுப்பியது. தீபாவளிப் பரிசு வைக்கும் பையாகத் தைத்துத் தர வேண்டும். சம்பா நடவு தொடங்கும் நேரம். வயலுக்குப் போகிறவர்களைப் போக விடாமல் நீங்கள்தான் தெருத்தெருவாகப் போய்க் கூப்பிட்டீர்கள். "சேத்துல நின்னு இடுப்பு ஒடிஞ்சது போதும். நான் சொல்றேன், வாங்க. வேலை வருஷம் பூரா இருக்கும்." உங்கள் பேச்சை நம்பித்தான் அவர்கள் நடவை விட்டுவிட்டு வந்தார்கள்.

மூட்டையைப் பிரித்ததும், வந்தவர்களில் செல்வி மூக்கைப் பொத்திக்கொண்டாள். எண்ணெய்ப் பிசுக்கு, நெருப்புப் பொறி பட்ட ஓட்டைகள், எத்தனை முறை அலசியும் போகாத இரும்பு வாடை. "எவன் போட்டதோ, உசுரோட இருக்கானோ இல்லியோ. நல்ல நாளும் அதுவுமா இதுல இனிப்ப வச்சிக் குடுக்கறதாக்கா? நான் தொட மாட்டேன்" என்றாள். மற்றவர்களும் கையை மடக்கிக்கொண்டார்கள்.

நீங்கள் அவளைத் திட்டவில்லை. உள்ளே போய், கொத்து மஞ்சளை உரைத்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தீர்கள். "தீவாளிக்குப் புதுத்துணி எடுத்தா என்ன பண்ணுவோம்? மூலைல மஞ்ச வச்சிட்டுத்தானே கட்டுவோம்? இதுக்கும் வைப்போம். வச்சிட்டா இது புதுசு. போதுமாடி?" செல்வி முதல் பைக்குத் தானே மஞ்சள் வைத்தாள். கடைசிப் பைவரைக்கும் ஒன்றையும் விடவில்லை. யாரோ ஒரு மனுஷன் வேர்வை சிந்திய துணி, யாரோ ஒரு வீட்டுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று மனசார வைத்தோம் அக்கா.

ஐப்பசி பிறந்ததும் எல்லாப் பைகளும் லாரியில் திரும்பி வந்து நின்றன. அன்று அந்தக் கம்பெனித் தம்பி ஃபோனில் பேசியதை நீங்கள் ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள்.

"எல்லாப் பீஸ்லயும் ஸ்டெயின் இருக்கு மேடம். கார்னர்ல மஞ்சளா. குவாலிட்டில பாஸ் ஆகல."

"மஞ்சள்தான் தம்பி அது."

"தெரியுது மேடம். கறை எப்படி வந்துச்சுன்னுதான் கேக்கறேன்."

நாங்கள் எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்த்தோம். அவனைக் கிழிக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். மாமனாரிடம் மன்னிப்புக் கேட்காதவர், ஊர்ப் பஞ்சாயத்தில் மன்னிப்புக் கேட்காதவர், என்னிடம் ஒரு நாளும் கேட்காதவர் நீங்கள். நீங்கள் சொன்னீர்கள்: "மன்னிச்சிக்குங்க தம்பி. தெரியாமப் பண்ணிட்டோம்."

தெரியாமலா? தெரிந்து, குளித்து, தலை முடிந்து உட்கார்ந்து வைத்த மஞ்சள் அது. எங்களுக்கு வேலை போய்விடக் கூடாது என்பதற்காக அந்தப் பொய்யைச் சொன்னீர்கள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

துவைத்து அனுப்பினால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். சோப்புப் போட்டதும் மஞ்சள் சிவந்து, அலச அலச ஈஷிக்கொண்டு பரவியது. ரெண்டு நாள் நல்ல வெயில் அடித்திருந்தால் எல்லாம் வெளுத்திருக்கும். நம் ஊர் ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது? கொட்டகை முழுக்கக் கயிறு கட்டி ஈரப் பைகளைத் தொங்கவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். தீபாவளி வந்தது, போயிற்று. பையை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

நடவும் போய், இதுவும் போனதில் ஊர் உங்கள் பக்கம் திரும்பியது. "அவ பேச்சக் கேட்டு நடுத்தெருவுல நின்னோம்" என்று உங்கள் காதுபடவே பேசினார்கள். செல்வி நம் வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். தையில், அறுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தீர்கள். அந்த வேதனையில்தான் போனீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. டாக்டர் சர்க்கரை என்றார், பிரஷர் என்றார். ஆனால் அதுவரை எட்டிப் பார்க்காதவளெல்லாம் வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாளே, அன்றைக்கு ஒவ்வொருத்தியையும் பிடித்து வெளியே தள்ளத் தோன்றியது எனக்கு.

பெரியவன் கொண்டுவந்த பையின் அட்டையில் அதே பெங்களூர் கம்பெனியின் பேர்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகு ராத்திரி தூங்கவில்லை. காலையில் முதல் வேலையாக அந்தத் தம்பிக்கு ஃபோன் போட்டேன். "மேடம்! நானே கூப்பிடணும்னு இருந்தேன், பொங்கலுக்குப் பெரிய ஆர்டர் இருக்கு" என்று குதித்தான். அன்றைக்குக் கறை என்றது இன்றைக்கு எப்படி மங்கலம் ஆனது என்று கேட்டேன். "அது அப்ப மேடம். இப்ப கஸ்டமருக்கு அதுதான் புடிச்சிருக்கு. நீங்க மஞ்சள் வைக்க வேணாம், நாங்களே பிரிண்ட் பண்ணிக்கறோம்."

ஆர்டரை வாங்கிக்கொண்டேன் அக்கா. கோபப்படாதீர்கள். வருஷம் பூரா வேலை என்று நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள், செல்வி இன்னும் ஒரு வேலையும் இல்லாமல்தான் இருக்கிறாள். ஆனால் ஒன்று சொன்னேன். "எங்க அக்கா அன்னிக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. அவங்க மேல தப்பே இல்ல. நீங்கதான் அவங்ககிட்ட கேக்கணும்."

அவன் சிரித்தான். "இவ்ளோதானா மேடம்? ஃபோன அக்காகிட்ட குடுங்க, இப்பவே சாரி சொல்லிடறேன்."

நீங்கள் உயிரோடு இல்லை என்று சொல்லியிருந்தால், கேட்ட மாத்திரத்தில் அதற்கும் ஒரு சாரி சொல்லியிருப்பான். அவனுக்கு அது சும்மா வருகிறது. நீங்கள் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கேட்டீர்கள், அதையும் இவனிடம் போய்க் கேட்டீர்கள்.

"அவங்க பேச மாட்டாங்க" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.