இரண்டு தரம் சொன்ன ‘ஆறுதலா’

இஞ்சாருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. இந்தச் சொல்லுக்குத்தான் திரும்பிப் பார்ப்பீர்கள். அதுவும் கையில் பந்து இல்லாத நேரமாகப் பார்த்துக் கூப்பிட வேணும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒட்டுக் கேட்கப் பழகிவிட்டேன். பிரிக்பீல்ட்ஸில் முனியாண்டியின் காய்கறிக் கடைக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் பின்னேரமானால் உங்களைப் பற்றித்தான் பேச்சு. நான் கூடையோடு போய்க் கத்தரிக்காய் பொறுக்குவது போல நின்றுவிடுவேன். ஒருநாள் முனியாண்டிக்கே பொறுக்கவில்லை. “அக்கா, அந்தக் கத்திரிக்காய வாங்கப் போறீங்களா, இல்ல பேர் வைக்கப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டான். வெட்கத்துக்கு ஒரு கூடை வாங்கினேன். நம்முடைய சின்னவள் இப்போது கத்தரிக்காயைக் கண்டாலே அழுகிறாள்.

ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். பொறாமைதான், வேறென்ன? நீங்கள் இருக்கும்போது உங்களைப் பந்துக்கு விட்டுக்கொடுத்தேன். போன பிறகு கோப்பிக் கடைக்குமா விட்டுக்கொடுக்க வேணும்?

அந்தப் பந்தை நான் சக்களத்தி என்றுதான் சொல்வேன், நினைவிருக்கிறதா? ரயில்வே கந்தோரில் வேலை முடிந்து வந்ததும் வராததுமாகப் பள்ளிக்கூடத்துப் பெடியளைப் பழக்க ஓடிவிடுவீர்கள். ஊரெல்லாம் ‘பந்து மாஸ்டர்’ என்றால் நீங்கள்தான். வீட்டுக்கு வந்தால் அவளுக்குத் தோலெல்லாம் எண்ணெய் பூசி, காற்றுப் போகிறதா என்று காதோடு வைத்துக் கேட்பீர்கள். என் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துவிட்டதுண்டா? நான் சொன்னதை எப்போதாவது அப்படிக் காதைக் கொடுத்துக் கேட்டதுண்டா?

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். உட்கார்ந்து கதை சொன்னார்கள். மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது நீங்கள் பெடியளுக்குப் பாட்டுப் பாடுவீர்களாமே. எனக்கு ஒருநாளும் பாடினதில்லையே, என்ன பாட்டு அது? எனக்குத் தெரியாத உங்களை ஆளுக்கொரு துண்டாக வைத்திருக்கிறார்கள். நான் பாயாசம் ஊற்றிக்கொண்டே பல்லைக் கடித்தேன்.

சரி, கோப்பிக் கடைக்கு வருகிறேன்.

அங்கே சண்டை இரண்டு பேருக்கு. ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து உங்களோடு ஒரே கப்பலில் வந்து, ஒரே கந்தோரில் எழுத்து வேலை பார்த்த கந்தையாக் கிராணி. மற்றவன் வேலு. அதுதான், அந்தக் கடைசிப் போட்டியில் கோல் காத்தவன். இப்போது ரயில் பட்டறையில் வேலை, மீசையும் வைத்துவிட்டான். வருகிற போட்டிக்கு உங்கள் பெயரில் ஒரு கோப்பை வைப்பதா வேண்டாமா என்று பழைய மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி முடிவு செய்ய இருந்தார்கள். வேலு வைக்க வேணும் என்றான். கந்தையர் கூடாது என்றார்.

கூடாது என்பதற்கு அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். கிளாங் பள்ளிக்கூடத்துப் பெடியளோடு ஆடின அந்தக் கடைசிப் போட்டி. நாங்கள் ஒரு கோல் பின்னால். முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அப்போது நீங்கள் கரையில் நின்று கையை உயர்த்தி, “ஆறுதலா, ஆறுதலா” என்று கத்தினீர்களாம். பெடியள் ஓட்டத்தைக் குறைத்துவிட்டார்களாம். ஆட்டம் போய்விட்டதாம்.

“பின்னால நிக்கேக்க மெதுவா ஓடு எண்டு சொன்ன மனுசன்ரை பேரிலயோ கோப்பை?” என்றார் கந்தையர்.

“மெதுவான்னு எவன் சொன்னான் கிராணி ஐயா? ஆறுதல்னா ஆறுதல்தான். கோல விட்டுட்டு நான் சேத்துல உக்காந்துட்டேன். போனாப் போவுது, மனச தேத்திக்கன்னு எனக்குச் சொன்னாரு.”

“உனக்கு எங்கட தமிழ் விளங்காது தம்பி. யாழ்ப்பாணத்தான் ஆறுதலா எண்டால் அவசரப்படாதை எண்டுதான் அர்த்தம்.”

“உங்க தமிழ நீங்களே வச்சுக்குங்க. என் காதுல விழுந்தது என் தமிழு.”

முனியாண்டி என் பக்கம் திரும்பி, ரெண்டில் எது சரியென்றாலும் தோற்றது தோற்றதுதானே அக்கா என்றான். கையில் கத்தரிக்காய். கூடையில் போடவும் மறந்து நின்றேன்.

ஏனென்றால் அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

நான் ஒருநாளும் பாடாங் மைதானத்துப் பக்கம் வந்தவளில்லை. அன்றைக்கு மட்டும் வந்தேன். குடையை மறந்துவிட்டுப் போய்விட்டீர்கள், மழை விட்டு விட்டுப் பெய்கிறது என்று ஒரு சாட்டு. உண்மையில் அந்தச் சக்களத்தியிடம் அப்படி என்ன அழகைக் கண்டீர்கள் என்று பார்க்கத்தான் வந்தேன். சின்னவள் வயிற்றில், மாதம் நிறைந்து கிடந்தாள். பாடாங்கைச் சுற்றி ஓடுகிற லோங்காங் வாய்க்காலின் மேல் ஒரு பலகை போட்டிருந்தார்கள். நனைந்து வழுக்கல் பிடித்த பலகை, கீழே தண்ணீர் இரைந்துகொண்டு போகிறது. நான் குடையை ஆட்டிக்கொண்டு அதில் காலை வைத்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து நீங்கள் கண்டுவிட்டீர்கள். கையை உயர்த்தி, “ஆறுதலா, ஆறுதலா” என்று கத்தினீர்கள். அவ்வளவு பெரிய சத்தம் உங்களிடமிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. நின்றேன். மூச்சு விட்டேன். பிறகு ஒவ்வொரு அடியாக வைத்துக் கடந்தேன். உங்களுக்கும் எனக்கும் நடுவில் பந்தும் பெடியளும் ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவேயில்லை. நீங்களும்தான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது உங்கள் முகம் செத்துப்போயிருந்தது. “என்ன, என்ரை சக்களத்தி உங்களைக் கைவிட்டுட்டாளோ?” என்று பகிடி பண்ணினேன். நீங்கள் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டீர்கள். அதோடு சரி.

ஏன் சொல்லவில்லை? ஆட்டத்தைத் தோற்கடித்தவள் என்று ஊர் என்னைப் பேசும் என்றா? இல்லை, நடு ஆட்டத்தில் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றதைச் சொல்ல வெட்கமா? இத்தனை வருடம் கந்தையரோடு ஒரே கந்தோரில் இருந்து, அவர் குத்திக் குத்திக் கதைத்ததையெல்லாம் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்?

கத்தரிக்காயைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். உங்களுக்காக மனம் நோக வேண்டிய நேரம் அது. எனக்கோ கோபம்தான் வந்தது. அது என் சொல். ஊரே கூடியிருந்த இடத்தில், அவளையும் மறந்துவிட்டு, எனக்கென்று நீங்கள் கூப்பிட்டுச் சொன்ன ஒரே சொல். அதை இந்த மனிதர்கள் இவ்வளவு காலமும் கோப்பியில் தோய்த்துத் தோய்த்துத் தின்றிருக்கிறார்கள்.

சொல்லவே கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். கோப்பை போனால் போகட்டும், சொல் என்னோடு இருக்கட்டும். சமைக்கும்போது எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். ஆறுதலா. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கூடவே கந்தையரின் குரலும் கேட்டது. உங்கள் பெயரை அவர் சொன்ன விதமும் கேட்டது. குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

சனிக்கிழமை பின்னேரம் கோப்பிக் கடை வாசலில் போய் நின்றேன். பெண்கள் உள்ளே போகிற இடமில்லை, ஆகவே வாசலிலேயே நின்று கந்தையரைக் கூப்பிட்டேன். அவர் எழும்பி, “என்ன தங்கச்சி, வீட்டில ஏதும் சுகமில்லையோ?” என்று வந்தார். வேலுவும் கோப்பியை வைத்துவிட்டு வந்தான்.

“அந்த ஆறுதலா எனக்குச் சொன்னது,” என்றேன். பலகையைச் சொன்னேன், குடையைச் சொன்னேன், வயிற்றைச் சொன்னேன். சொல்லும்போதே உங்கள் பக்கத்திலிருந்து எதையோ திருடிக் கொடுப்பது போல இருந்தது.

கந்தையர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு மெல்ல, “அப்ப மாஸ்டர் ஆட்டத்தைப் பாக்கேல்லையோ?” என்று கேட்டார். மனிதனுக்கு அதுதான் பெரிய குற்றமாகப் பட்டது. ஆனால் குரலில் பழைய குத்தல் இல்லை. மெதுவாக ஓடச் சொன்னவர் நீங்கள் இல்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சக்களத்தியை ஒரு தரமாவது வென்றுவிட்டேன் அல்லவா? அப்படியே வேலுவைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

பெரிய மீசைக்காரன், சேற்றில் உட்கார்ந்த பெடியனாக நின்றான். “அப்ப எனக்குச் சொல்லலியா மாஸ்டரம்மா?” என்றான்.

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? பட்டறையில் அவன் கூட்டாளி இரும்பில் அடிபட்டுச் செத்தபோதும், தகப்பன் ஊரில் இறந்த செய்தி வந்தபோதும், மாஸ்டர் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டேன் என்று உங்கள் அந்தியேட்டியில் சொன்னவன் அவன். அன்றைக்கு அதைக் கேட்டுத்தான் நான் அதிகமாகப் பல்லைக் கடித்தேன். எந்தச் சொல் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது தெரிந்தது.

எனக்கு உடனே மனம் வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். கூடையின் பிடியை இரண்டு தரம் மாற்றிப் பிடித்தேன். பிறகு சொன்னேன்:

“அவர் ரெண்டு தரம் சொன்னவர், தம்பி. முதலாவதோட நான் நிண்டிட்டன். மற்றது ஆருக்கெண்டு எனக்கென்ன தெரியும்? நீதான் கேட்டனி.”

அவன் மீசையைத் துடைத்தான். கோப்பி ஒட்டியிருந்தது போலிருக்கிறது.

அந்த இரண்டும் யாருக்கென்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இந்தக் கடிதம் நாலு பேர் கண்ணில் படலாம், ஆகவே அதை இங்கே எழுத மாட்டேன். கோபிக்காதீர்கள். முதலாவதை ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கந்தையரே எழும்பி, மாஸ்டரின் பெயரைப் போடுவம் என்றாராம். அந்தச் சொல்லையும் கோப்பையில் வெட்ட வேணும் என்று வேலு கேட்டிருக்கிறான். ‘ஆறுதலாக’ என்று வெட்ட வேணும் என்றார் கந்தையர். ‘ஆறுதல்’ போதும் என்றான் வேலு. பழையபடி இரண்டு பேரும் இரண்டு தமிழையும் இழுத்துக்கொண்டு சண்டை போட்டு, கடைசியில் சமாதானமாகி, உங்கள் பெயருக்கு மேலே பெரிய எழுத்தில் ‘ஆறுதல் கோப்பை’ என்று வெட்டுவித்தார்கள். எல்லோருக்கும் பிடித்திருந்தது. நானும் நல்லாயிருக்கு என்றேன்.

போன சனிக்கிழமை போட்டி. மறுபடியும் கிளாங் பெடியள்தான் வந்தார்கள். லோங்காங்குக்கு இப்போது சீமெந்துப் பாலம் போட்டிருக்கிறார்கள், ஆனாலும் நான் நின்று நின்றுதான் கடந்தேன். கூப்பிட ஆளில்லை. எங்கட பெடியள் இரண்டு கோலால் வென்றார்கள். வேலு சட்டையைக் கழற்றிச் சுழற்றினான்.

பரிசு கொடுக்க என்னை நிறுத்தினார்கள். நான் கோப்பையைக் கையில் எடுத்தேன். கிளாங் வாத்தியார் கிட்ட வந்து அதில் வெட்டியிருந்ததை வாசித்தார். தோற்ற பிள்ளைகளுக்கும் ஒரு ஆறுதல் பரிசு வைத்திருக்கிறீர்கள், நல்ல வழக்கம் என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தன்னுடைய அணித் தலைவனை அனுப்பினார். அந்தப் பெடியன் வந்து கும்பிட்டு இரண்டு கையையும் நீட்டினான். வெறுங்கையாக அனுப்ப மனம் வரவில்லை, கொடுத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். எங்கட பெடியள் முதற்பரிசுக்கு வரிசையாக நின்றார்கள், இருந்ததோ அந்த ஒரே கோப்பைதான். மழை வந்தது. கொஞ்ச நேரம் நனைந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

கோப்பை இப்போது கிளாங்கில் இருக்கிறது. வருகிற ஞாயிறு ரயிலேறிப் போய்க் கேட்டு வாங்கி வருவேன், உங்கள் மேல் ஆணை. அவசரப்பட மாட்டேன். ஆறுதலாகத்தான் போவேன்.

சக்களத்தியோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லாத,
உங்கட மனுசி
பாக்கியம்